செத்துப்போன தொட்டிச்செடிக்காகக் குலசேகரம் வரை

போன வருஷம் லீவில் வந்த என் தம்பி, அசாமிலிருந்து ஒரு செடியை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்தான். செடி என்று சொல்வதுகூட அதிகம். கறுப்பு வேர் மயிர்மயிராகத் தொங்கும் ஒரு சின்னக் கட்டை, அவ்வளவுதான். பெரணி (ஆங்கிலத்தில் ஃபெர்ன்) வகை, விரியாமல் சுருண்டிருக்கும் அதன் இளம் ஓலைதான் கீரை. "டேகியான்னு பேரு அக்கா. அங்க சந்தையில கட்டுக்கட்டா விப்பாங்க. நமக்கு முருங்கைக்கீரை எப்படியோ அவங்களுக்கு இது அப்படி" என்றான்.

மொட்டைமாடியில் செம்மண்ணும் மணலும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்து, நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். தக்காளிக்கும் கத்தரிக்கும் என்ன செய்வேனோ அதையேதான் செய்தேன். மூன்று சுருள் வந்தது. நான்காவது வருவதற்குள் மார்ச் வந்துவிட்டது. ஏப்ரலில் தொட்டியில் மிஞ்சியது சுள்ளி.

ஆபீசில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மேஜைத் தோழி, போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் சிரித்தாள். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்காரி. "இதுவா? எங்க அக்கா வீட்டு ஓடையில காடா கெடக்கே. மழையில போய்ப் பாரு, ஆசை தீரும்." நான்கு நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. கீரை பார்க்கப் போகிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

ஜூன் 13, வெள்ளி: நாகர்கோவில், குலசேகரம்

திருச்சியில் ரயிலேறும்போது இரவிலும் பிளாட்பாரம் அனலாகக் கொதித்தது. காலையில் நாகர்கோவிலில் இறங்கினால் அடைமழை. திருச்சிக்காரிக்கு ஜூனில் குடை என்றால் அது வெயிலுக்கு. என் பூப்போட்ட குடையை ஸ்டேஷன் வாசலிலேயே காற்று மல்லாத்திப் போட்டது, இரண்டு கம்பி முறிந்தது. கடையில் கறுப்புக் குடை 320 ரூபாய். பேரம் பேசினேன். "மழை நிக்கட்டும், பாதி விலைக்குத் தாரேன்" என்றார் கடைக்காரர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். முழு விலையும் கொடுத்து வாங்கினேன்.

காலைச் சாப்பாடு புட்டு, பயறு, பப்படம், கூடவே இரண்டு மட்டிப்பழம். 65 ரூபாய். எல்லாவற்றையும் ஒன்றாக நொறுக்கிப் பிசைய வேண்டும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தேன். எதிரில் இருந்த பெரியவர் பொறுக்கமாட்டாமல், "பப்படத்தப் பொடிங்க மொதல்ல" என்று சொல்லிக்கொடுத்தார். மட்டிப்பழம் விரல் பருமன்தான் இருக்கிறது, வாசனை மட்டும் மேஜை முழுக்க. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஊரில் கிடைப்பது எல்லாம் பெயருக்குத்தான் மட்டி என்று இப்போது தெரிகிறது.

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண், கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குக் கூலியாக அரை மணி நேரம் விசாரணை. எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரர் என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, ஏன் தனியாக வந்தது. சுருளிக் கீரை பார்க்க வந்தேன் என்றேன். (இந்தச் செடிக்கு மலையாளத்தில் சுருளி என்று பெயர், எல்லைப் பக்கம் என்பதால் சொல்லிப் பார்த்தேன்.) அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ஆசுபத்திரிக்குன்னு நெனச்சேன்" என்றார்.

தக்கலை தாண்டியதும் ஊரின் நிறம் மாறுகிறது. வாழை, அப்புறம் ரப்பர், அப்புறம் மறுபடி ரப்பர். ரப்பர் மரங்களுக்கெல்லாம் இடுப்பில் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள், வெட்டுப்பட்ட இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்க. ரோட்டோரம் பழுத்து விழுந்த சக்கைப்பழ நாற்றம். சக்கை என்றால் பலா. இதையும் அந்தப் பெண்தான் திருத்தினார்.

தோழியின் அக்கா வீட்டை அடைந்தபோது மத்தியானம். வாசலில் கொடியில் துணிக்குப் பதிலாக ரப்பர் ஷீட்டுகள் தொங்கின. புளித்த பாலும் புகையும் கலந்த ஒரு நெடி. இரண்டு மணி நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடுகிறது. அக்காவின் மாமியாரை எல்லாரும் அம்மச்சி என்கிறார்கள். எண்பது தாண்டியிருக்கும். "இரி மக்களே, வெள்ளம் குடி" என்று சுக்குத்தண்ணீர் நீட்டினார். வந்த காரணத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்தச் சவத்துக்கா டிக்கெட் எடுத்து வந்தே? அது களை மக்களே!"

ஜூன் 14, சனி: ஓடைக்கரை

ராத்திரி முழுக்க ஓட்டில் மழை. விடிகாலையில் டார்ச் வெளிச்சம் ரப்பருக்குள் அலைந்தது, அக்காவின் வீட்டுக்காரர் (எனக்கு அண்ணன்) பால்வெட்டுக்குப் போயிருந்தார். விடியும் முன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் மரம் இறுக்கிக்கொள்ளும் என்றார் பிறகு. எட்டு மணிக்கு அவர் திரும்பியதும் ஓடைக்கு இறங்கினோம். செருப்பு வேண்டாம் என்றார்கள். கேட்கவில்லை. பத்தாவது அடியில் வழுக்கி உட்கார்ந்தேன், வார் அறுந்தது. மீதி வழியெல்லாம் வெறுங்காலும் அட்டையும்.

ஓடை அகலமில்லை, தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் கரை சரிந்து, மேலே ரப்பர் கிளைகள் கூடி, பகலிலும் பச்சை இருட்டு. அந்தச் சரிவு முழுக்க அதுதான். இடுப்பளவு, சில இடத்தில் நெஞ்சளவு. தென்னங்கன்று ஓலை மாதிரி வளைந்து, ஒவ்வொரு ஓலையிலும் பக்க ஓலை, பக்க ஓலையில் சின்ன இலை. நான் தொட்டியில் ஒரு சாண் வளர்த்து நோட்டில் தேதி போட்டு வைத்திருந்தேன். இங்கே அதை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பம். கரையின் கீழ்ப்பகுதியில் இருந்த செடிகளுக்கு ஓலையில் ஒரே வரிசை இலைதான் இருந்தது, கறிவேப்பிலைக் கொத்து மாதிரி. மேலே இருந்தவற்றுக்கு இரண்டு மடிப்பாகப் பிரிந்த ஓலை. இரண்டும் வேறு என்று நினைத்து வேறு வேறு பையில் போட்டேன். "அது பிள்ளை, இது தள்ளை" என்று சிரித்தார் அண்ணன். தள்ளை என்றால் தாய். சின்னச் செடி ஒற்றையாக விடும், வயதானால்தான் பிரிந்து விரியும்.

குனிந்து ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். நடுவில் கட்டை, என் கணுக்கை பருமன், கறுத்து, பழைய ஓலைக் காம்புகள் உதிர்ந்த தழும்போடு, தரைக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது. அதன் உச்சியில் சுருள்கள் வட்டமாக நின்றன. ஒன்று இப்போதுதான் தலைகாட்டியிருக்கிறது, பழுப்புச் செதில் மூடிய ஒரு பொத்தான். அடுத்தது விரல் உயரம். அதற்கடுத்தது முழம் உயரம், தலை மட்டும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சுற்றியிருக்கிறது. அந்தச் சுற்றுக்குள்ளே எட்டிப் பார்த்தால், பக்க ஓலைகளும் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருண்டு, கடுகு அளவில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. காம்பில் சிதறலாகக் கறுப்புச் செதில், நகத்தால் வழித்தால் வந்துவிடுகிறது. முன்பக்கம் ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடுகிறது, மழைத்துளி அதில்தான் இறங்குகிறது.

ஏன் சுருள்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே படித்திருந்தேன். ஓலையின் வெளிப்பக்கம் முதலில் வேகமாக வளர்கிறது, உள்பக்கம் பின்தங்குகிறது, அதனால் சுருண்டே இருக்கிறது. அப்புறம் உள்பக்கம் வளர்ந்து ஈடுகட்டும்போது அடியிலிருந்து மேல்நோக்கிப் பிரிகிறது. வளர்கிற நுனி கடைசிவரை உள்ளே பத்திரமாக இருக்கும். படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது. பொத்தான், விரல், முழம், விரிந்த ஓலை என்று ஒரே கட்டையில் நாலு நிலையையும் பார்த்தபோதுதான் புரிந்தது.

பறிப்பதற்குக் கத்தி கிடையாது. "விரல்ல முறியணும். கத்தி கேக்குதுன்னா அது மூத்துப்போச்சு" என்றார் அண்ணன். காம்பை அடியிலிருந்து மேலாக மெல்ல வளைத்துக்கொண்டே வர, ஓரிடத்தில் பீன்ஸ் மாதிரி டக்கென்று முறிகிறது. அதற்கு மேலே உள்ளது சாப்பாட்டுக்கு. ஒரு கட்டையில் எல்லாச் சுருளையும் எடுக்கக்கூடாது, இரண்டு சுருளாவது விடவேண்டும். விரிந்த ஓலைதான் கட்டைக்குச் சோறு போடுகிறது, எல்லாவற்றையும் முறித்தால் அது பட்டினி. மழைக்காலத்தில் விட்டதற்கு ஈடாகச் சில நாளில் புதிது வந்துவிடும். இந்தக் கணக்கை அண்ணன் எங்கேயும் படிக்கவில்லை. ரப்பரில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறவருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மச்சி மேலே நின்று கத்தினார். "ஷீட் அடிக்கிற வெள்ளம் வந்து விழுமே, அதுக்குக் கீழ பறிக்காதே!" பால் உறைய ஆசிட் ஊற்றுகிறார்கள், அந்தத் தண்ணீர் ஓர் இடத்தில் ஓடையில் கலக்கிறது. அதற்கு மேல்பக்கம்தான் பறித்தோம். களை என்று திட்டியவருக்கு எங்கே பறிக்க வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது!

என் காலில் ஏழு அட்டை. புகையிலைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் உருண்டு விழுந்தன. இரத்தம் நிற்கத்தான் நேரமானது.

சமையல். செதிலை வழித்து, இரண்டு தண்ணீரில் அலசி, ஒரு விரல்கடை நீளத்துக்கு நறுக்கினார் அக்கா. பச்சையாக ஒன்றை வாயில் போடப் போன என் கையைத் தட்டிவிட்டார். அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. பெரணிகள் பலவற்றில் பி1 வைட்டமினைத் தின்றுவிடும் ஒரு நொதி உண்டு, வேகவைத்தால் பெரும்பாலும் அடங்கும். கொதிதண்ணீரில் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் பழுப்பாக இருந்தது. அப்புறம் தேங்காயெண்ணெய், கடுகு, வற்றல்மிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் தேங்காயும் சீரகமும் பூண்டும் கொரகொரப்பாக அரைத்துப் போட்டுப் பிரட்டினார். தோரன் என்று கேரளத்தில் சொல்வதை இங்கே துவரன் என்கிறார்கள்.

ருசி? முதல் கடிக்குப் பீன்ஸ். மெல்ல மெல்ல வெண்டைக்காயின் கொழகொழப்பு லேசாக வருகிறது. முழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் சுண்டைக்காயில் பத்தில் ஒரு பங்கு கசப்பு. தம்பி அளந்த அளவுக்கு இல்லை, ஆனால் தட்டில் மிச்சம் வைக்கத் தோன்றவில்லை. கூட மயக்கிய மரச்சீனியும் (மசித்த மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும். மேற்குக்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுக்குத் தடை, வள்ளத்தில் போய்ப் பிடித்த மீன்தான் வரும். அதனால் சாளைக்கே விலை ஏறிக்கிடக்கிறது என்று அக்கா அலுத்துக்கொண்டார். அம்மச்சி சுருளித் துவரனைத் தொடவில்லை. "சின்னதுல பஞ்சத்துக்குத் தின்னு தின்னு மடுத்துப்போச்சு" என்றார்.

சாயங்காலம் முறத்தில் மிச்சமிருந்த சுருள்களைப் பார்த்தேன். சுருள் நுனியெல்லாம் கறுக்க ஆரம்பித்திருந்தது. காலையில் டக்கென்று முறிந்த காம்பு இப்போது வளைகிறது, முறியமாட்டேன் என்கிறது. இவ்வளவு கிடந்தும் இது ஏன் நாகர்கோவில் கடைக்குக்கூடப் போவதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த முறம்தான்.

ஜூன் 15, ஞாயிறு: வேட்டி, திற்பரப்பு, பேச்சிப்பாறை

நேற்று ராத்திரி நான் செய்த காரியத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா இதைப் படிப்பார்.

முதிர்ந்த ஓலையைத் திருப்பினால் அடியில் பழுப்புக் கோடுகள் இருக்கும், இலை நரம்பை ஒட்டி மீன்முள் மாதிரி வரிசை வரிசையாக. அதற்குள்தான் வித்துத்தூள். பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை, இந்தத் தூள்தான் எல்லாம். ஓலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் தூள் உதிர்ந்து, அந்த மீன்முள் அப்படியே தாளில் அச்சாக விழும். அதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஓலையை வைத்து ஹால் மேஜையில் விட்டேன். அந்த மேஜையில்தான் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக்கு இஸ்திரி போட்ட வேட்டியை வைத்திருந்தார். விடிகாலையில் யாரோ ஃபேனைப் போட்டிருக்கிறார்கள்.

வேட்டி முழுக்கக் காப்பித்தூள் தூவிய மாதிரி. தட்டினால் போகும் என்று தட்டினேன், இன்னும் நன்றாகத் தேய்ந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வேறு வேட்டி கட்டிக்கொண்டு, "இதுல எத்தன செடி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். லட்சக்கணக்கில் என்றேன். "அப்ப தொவைக்கிற கல்லுல மொளைக்கும்" என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் அப்படித்தான் முளைக்கும், திற்பரப்பில் அதைப் பார்த்தேன்.

அருவியில் குளிக்கத் தடை. கோதையாறு செக்கச்செவேல் என்று பொங்கிக்கொண்டு விழுந்தது, சாரல் கார் நிறுத்துகிற இடம்வரை. குளிக்க வந்தவர்கள் எல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஜ்ஜி தின்றார்கள். நானும் ஏத்தம்பழ பஜ்ஜி இரண்டு வாங்கினேன், ஒன்று 15 ரூபாய். மகாதேவர் கோயில் நடை சாத்தியிருந்தது. சிவராத்திரிக்குக் கோவிந்தா, கோபாலா என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடுகிற சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது. அப்போது வந்தால் இந்தப் படியில் நிற்க இடம் இருக்காது என்றார் பஜ்ஜிக்கடைக்காரர்.

சாரல் படுகிற கல்சுவர் ஒன்றில் பாசி என்று நினைத்துக் கை வைக்கப் போனேன். பாசி இல்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், ஒவ்வொன்றும் இதய வடிவத்தில், கண்ணாடி மாதிரி மெல்லிய பச்சைத் தகடுகள், சுவரோடு அப்பிக்கிடந்தன. வித்துத்தூள் முளைத்தால் நேராகச் செடி வராது. முதலில் வருவது இந்தத் தகடுதான். இதற்கு அடியில் ஆண், பெண் இரண்டும் உண்டாகும். ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேரவேண்டும். சேர்ந்தால் தகட்டிலிருந்து குட்டி ஓலை எழும், தகடு வாடிவிடும். அந்த நீச்சலுக்கு ஆறு வேண்டாம், குளம் வேண்டாம், ஒரு துளித் தண்ணீர் படலம் போதும். ஆனால் அந்தப் படலம் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. சில தகடுகளின் ஓரத்தில் கடுகு அளவு இலை ஒன்று நிமிர்ந்திருந்தது. எந்தப் பெரணியின் பிள்ளைகள் என்று இந்த வயதில் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே சாயல்.

அதே சுவரில் கொஞ்சம் காய்ந்த பகுதியில் வேறொரு பெரணி வளர்ந்திருந்தது. ஓலையில் ஒரே வரிசையாக நீள நீளமான இலைகள், நம் ஊர் கிணற்றுச் சுவரிலும் பழைய பாலத்திலும் பார்ப்பதுதான், டெரிஸ் விட்டாட்டா என்று பெயர். மண்ணில் இருக்கிற ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். ஊட்டி மாதிரி உயரமான மலைச்சரிவில் வரும் பிராக்கன் இன்னொன்று. முக்கோண ஓலை, காம்பில் செதிலுக்குப் பதில் மயிர். அதைத் தொடர்ந்து மேய்கிற மாட்டுக்குச் சிறுநீரில் இரத்தம் போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது. சுருண்டதெல்லாம் சுருளி என்று யாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பறிக்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் தின்றது காலங்காலமாக அந்த ஓடையில் பறித்துத் தின்ற வீட்டுக்காரர்கள் காட்டியது. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் பக்கத்துப் பக்கத்துச் சின்ன நரம்புகள் நுனி சேர்ந்து ஏணிப்படி மாதிரி தெரியும், செதில் இருக்கும், தண்ணீரோரம் இருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் எனக்கு அண்ணன் பக்கத்தில் நின்றால்தான் தைரியம். அறிவியல் பெயரான டிப்ளேசியம் எஸ்குலெண்டம் என்பதில் எஸ்குலெண்டம் என்றால் லத்தீனில் தின்னத்தக்கது. மற்றவை பெயரில் எச்சரிக்கை எழுதிக்கொண்டு வளர்வதில்லை.

மத்தியானம் ஆட்டோ பிடித்துப் பேச்சிப்பாறை. அணைக்கு மேலே மலைக்குள் போனால் ஆள் உயரப் பெரணிகள் என்று யாரோ ஆசைகாட்டியிருந்தார்கள். போக வர 900 ரூபாய் பேசியாகிவிட்டது. ஒரு சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். மழை, மண்சரிவு, அனுமதி இல்லை. வாதாடவில்லை. காட்டுக்குள் ஓர் இலையைக்கூடப் பறிக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். திரும்பும்போது அணையின் மேல் கொஞ்சம் நின்றோம். 1906இல் கட்டி முடித்த அணை. கட்டிய எஞ்சினியர் மிஞ்சினின் கல்லறை அங்கேயே இருக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தேன், காற்று இந்தக் குடையையும் மல்லாத்தப் பார்த்தது. 320 ரூபாய்க் குடை தாங்கியது. ஆட்டோக்காரர் 600 போதும் என்று 300ஐத் திருப்பிக் கொடுத்தார். "பாதி வழிதானே போனோம்" என்றார். திருச்சி ஆட்டோவில் இப்படி நடந்ததில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்: தேரூர்

அம்மச்சி எழுந்திருக்கும் முன் அண்ணன் ஓடையில் இறங்கிப் பக்கக்கன்று மூன்றை வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். வாழைச்சருகில் ஓடை மண்ணோடு பொதிந்து, வாழைநாரால் கட்டி, நனைத்த சாக்கில் போட்டாயிற்று. என் பழைய தப்புகளை வரிசையாகக் கேட்டார்கள். வெயில் எவ்வளவு? முழுக்க. மண்? செம்மண்ணும் மணலும். தண்ணீர்? போர்த் தண்ணீர், உப்பு. அம்மச்சி வாசலிலிருந்து, "கொன்னுட்டு இங்க வந்து தேடுதா" என்றார். விடைபெறும்போது ஒரு பை நிறைய நல்லமிளகும் ஒரு சீப்பு மட்டியும் கொடுத்தவரும் அவர்தான்.

ரயில் சாயங்காலம். சாமானை நாகர்கோவிலில் வைத்துவிட்டுத் தேரூர் குளம் பார்க்கப் போனேன். சுசீந்திரமும் தேரூரும் சேர்ந்த ஈரநிலத்தை 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்திருக்கிறார்கள், பறவை நிறைய வரும் என்று கேள்வி. ஜூனில் பறவை குறைவு. சில கொக்கு, ஒரு நாமக்கோழிக் குடும்பம். இங்கே மழை விட்டு வெயில் காய்ந்தது. மலைக்கும் இதற்கும் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் வேறு தேசம். பச்சை வயல், பின்னால் நீலமாக மலை.

கரையில் ஒரு அம்மா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் கால் பக்கம், சேற்றிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் நாலு இதழ் விரித்த சின்ன இலைகள் அடர்த்தியாகப் பரவியிருந்தன. சேற்றில் இருந்தவை காம்பில் நிமிர்ந்து நின்றன, தண்ணீரில் இருந்தவை நீளக் காம்பு விட்டுத் தாமரை இலை மாதிரி மிதந்தன.

"ஆரைக்கீரைதானே?" என்றேன்.

"ஆமா. சுகருக்குன்னு ஆளு வந்து பறிச்சிட்டுப் போவாவ. வேணும்னா எடுத்துக்கிடுங்க."

லால்குடியில் எங்கள் ஆச்சி ஆரைக்கீரையைப் பாசிப்பருப்பில் கடைவார். வாய்க்கால் வறண்டு கிடந்த வருஷம்கூட முதல் தண்ணீர் வந்த பத்தாம் நாள் எங்கிருந்தோ முளைத்துவிடும். எங்கிருந்து என்று யாரும் கேட்டதில்லை. ஒரு பிடி பறிக்கலாம் என்று தண்டைப் பிடித்து இழுத்தேன், சேற்றிலிருந்து கொடி மாதிரி நீளமாக வந்தது. கழுவிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர், கணுவுக்குக் கணு இலை. கடைசிக் கணுவில், இன்னும் விரியாத இலை ஒன்று.

அது சுருண்டிருந்தது. குண்டூசித் தலை அளவு, அதே சுற்று. பழுப்பு மயிர் மூடி, நுனியை உள்ளே வைத்துக்கொண்டு.

கரையிலேயே உட்கார்ந்து போனில் தேடினேன். ஆரை ஒரு பெரணி. மார்சிலியா என்கிற நீர்ப்பெரணி. பூக்காது, காய்க்காது. காம்பின் அடியில் மிளகு மாதிரி கெட்டியாக இருப்பது வித்துத்தூள் பொதிந்த உறை, தண்ணீர் இல்லாமல் வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. ஆச்சி வீட்டு வாய்க்காலில் பத்தாம் நாள் முளைத்தது அதிலிருந்துதான். அதாவது நான் சின்ன வயதிலிருந்தே பெரணி தின்றுகொண்டிருக்கிறேன், பருப்பில் கடைந்து, நெய் விட்டு. இதைத் தெரிந்துகொள்ளத் தம்பி அசாமுக்குப் போய், நான் அட்டைக்கடி பட்டு, ஒரு மனிதரின் வேட்டியும் வீணாகி!

இதே இனத்தில் இன்னொன்று ஆஸ்திரேலியாவில் உண்டு, நார்டூ என்பார்கள். அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் உறையைப் பக்குவம் செய்து மாவாக்கித் தின்றார்கள். 1861இல் பர்க், வில்ஸ் என்று இரண்டு வெள்ளைக்காரப் பயணிகள் பாலைநிலத்தில் மாட்டிக்கொண்டு, பக்குவம் சரியாகத் தெரியாமல் அதையே தின்று, வயிறு நிறைய நிறைய மெலிந்து செத்துப்போனார்கள். முன்னே சொன்ன அந்த பி1 நொதியும் ஒரு காரணமாக இருக்கும் என்கிறார்கள். ரயிலில் இதைப் படித்தபோது, கொதிதண்ணீரைக் கொட்டிய அக்காவின் கை நினைவுக்கு வந்தது.

புல் அறுத்த அம்மா ஒரு கேரிபேக் கொடுத்தார். இரண்டு கொடியைச் சேற்றோடு அதில் போட்டுக்கொண்டேன். காசு நீட்டினேன். "குளத்துக்கா காசு?" என்றார்.

ஜூன் 27, வெள்ளி: திருச்சி

பதினோரு நாள் ஆயிற்று. சுருளிக்கு இந்த முறை மாடி இல்லை. கீழே, துணி துவைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வெயில் காலையில் அரை மணி நேரம் மட்டும் எட்டிப்பார்க்கும் மூலை. ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் ஓடை மண்ணும் மக்கிய இலையும், அதைத் தண்ணீர் நிற்கும் தட்டில் வைத்திருக்கிறேன். போர்த் தண்ணீர் கிடையாது, குடிக்கிற தண்ணீர். வீட்டுக்காரர் கேன் கணக்குப் பார்க்கிறார். கன்றுகளில் ஒன்று கறுத்துவிட்டது. இரண்டாவதில் பொத்தான் அளவு ஒன்று தெரிகிறது. மூன்று நாளாக அதே அளவுதான்.

ஆரையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மாடியில் முன்னே டேகியா செத்த அதே தொட்டியின் ஓட்டையை அடைத்து, போர்த் தண்ணீரே ஊற்றி, வெயிலில் போட்டிருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால் மண் தெரியவில்லை. ராத்திரி கூப்பிய இலைகளை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பாசிப்பருப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.